ஸ்டாண்ட்பை டியூட்டியைத் தக்கலை வீட்டில் இருந்தே பார்க்க முடியுமா?

தக்கலை பக்கத்தில் இருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருந்த கேள்வி இது. அவருடைய தங்கச்சி மகனுக்கு ஏ.டி.ஆர் என்ற சின்ன புரொப்பெல்லர் விமானம் ஓட்டும் ஒரு கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை பைலட் வேலை கிடைத்திருக்கிறது. பேஸ், அதாவது டியூட்டி தொடங்கி முடியும் ஊர், பெங்களூரு. ரோஸ்டர் என்கிற டியூட்டி அட்டவணையில் மாதம் ஆறேழு நாள் ‘ஸ்டாண்ட்பை’ என்று வருகிறதாம். “கூப்பிடுவாங்களான்னு காத்துக்கிட்டு இருக்கிற வேலைதானே, அதை நம்ம வீட்டுல இருந்து காத்தா என்ன? திருவனந்தபுரம் ஏர்போர்ட் பக்கத்துலதான் இருக்கு, ஸ்டாஃப் டிக்கெட்டும் உண்டு. எதுக்கு பெங்களூர்ல தண்டத்துக்கு வாடகை?” என்பது கேள்வி. தை மாதம் அவனுக்குக் கல்யாணம் வைக்கலாமா என்று கூடவே ஒரு உபகேள்வி.

நான் பதினாறு வருடம் ஏ.டி.ஆர் ஓட்டியவன். பேஸ் ஒரு ஊர், வீடு நாகர்கோவில் என்று அதில் பாதிக் காலத்தை ஓட்டியிருக்கிறேன். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். ஸ்டாண்ட்பை நாட்களில் முடியவே முடியாது, அண்ணாச்சி. மற்ற நாட்களில் முடியும், ஆனால் அதற்குக் கொடுக்க வேண்டிய விலை நீங்கள் நினைப்பதைவிட ஜாஸ்தி. வாடகையைவிட ஜாஸ்தி.

முதலில் ஸ்டாண்ட்பை என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஏ.டி.ஆர் ஓட்டும் பைலட் ஒரு நாளைக்கு நாலு செக்டார், ஐந்து செக்டார் (ஒரு ஊரில் ஏறி அடுத்த ஊரில் இறங்கினால் ஒரு செக்டார்) என்று குட்டிக் குட்டியாகப் பறப்பான். காலையில் ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் போவது ஒரு ஃப்ளைட் அல்ல, அந்த நாளின் நாலைந்து ஃப்ளைட்டும் வரிசையாகப் படுத்துவிடும். பெரிய கம்பெனி என்றால் எங்காவது ஒருத்தனைப் பிடித்துப் போடலாம். சின்ன விமானம் வைத்திருக்கும் பிரிவில் ஆளே கொஞ்சம். அதனால் சிலரைக் கையில் வைத்திருப்பார்கள். அவர்களுக்குத்தான் ஸ்டாண்ட்பை. இதில் இரண்டு வகை. ஏர்போர்ட் ஸ்டாண்ட்பை என்றால் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ஏர்போர்ட்டிலேயே உட்கார வேண்டும். ஹோம் ஸ்டாண்ட்பை என்றால் வீட்டில் இருக்கலாம், ஆனால் போன் வந்தால் கம்பெனி சொன்ன நேரத்துக்குள் ஏர்போர்ட்டில் போய் ரிப்போர்ட் செய்ய வேண்டும். ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இந்த ‘ஹோம்’ என்ற சொல்தான் ஆளை ஏமாற்றுகிறது. உங்கள் மருமகனுக்கு ஹோம் என்றால் தக்கலை. கம்பெனி அகராதியில் ஹோம் என்றால் பேஸில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு கட்டில்.

சரி, என் கதையைச் சொல்கிறேன். இது பெருமைப்படும்படியான கதை இல்லை. அப்போது எனக்கு பேஸ் சென்னை. ஒரு மார்கழி மாதம், சுசீந்திரம் தேர் அன்றைக்கு எனக்கு ஹோம் ஸ்டாண்ட்பை விழுந்தது. முந்தின நாள் ஆஃப். மூன்று மாத ரோஸ்டரை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தேன். அந்தக் கிழமையில், அந்த நேரத்தில் என்னை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அப்புறம் என்ன, எழும்பூரில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸைப் பிடித்து ஊருக்கு வந்துவிட்டேன். காலை எட்டரை மணிக்கு ரத வீதியில் நிற்கிறேன், தேர் வடத்தை இழுக்க ஆள் கூடிவிட்டது, போன் அடிக்கிறது. யாருக்கு எந்த டியூட்டி என்று போடும் க்ரூ ஷெட்யூலிங்கில் இருந்து ஒரு தம்பி. “சார், பதினொண்ணுக்கு ரிப்போர்ட்டிங், நாலு செக்டார்.” எழுநூறு கிலோமீட்டர் தள்ளி நின்றுகொண்டு நான் என்ன சொல்ல? வயிறு சரியில்லை, ராத்திரியில் இருந்து போய்க்கொண்டே இருக்கிறது என்றேன். அந்தத் தம்பி ஒரு நொடி பேசவில்லை. “சரி சார், சிக் போட்டுடறேன். பின்னால நாதஸ்வரம் நல்லா இருக்கு சார்” என்று சொல்லி வைத்துவிட்டான்.

எனக்குப் பதிலாக ஆஃபில் இருந்த இன்னொரு பைலட்டைக் கெஞ்சி வரவழைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அவன் மகளுக்கு முதல் பிறந்தநாள். அதைப் பற்றி அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இனி உங்கள் மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். தக்கலையில் இருந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மேப்பில் பார்த்தால் சின்னக் கோடு. ஓட்டிப் பார்த்தவருக்குத் தெரியும். அழகியமண்டபத்தில் ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருக்கும். மார்த்தாண்டத்தில் மேம்பாலத்தில் ஏறினால் தப்பிக்கலாம், ஆனால் இறங்கின இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். குழித்துறை, படந்தாலுமூடு, களியக்காவிளை என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, காரோடு போய் கோவளம் வழியாகப் போகும் பைபாஸைப் பிடித்துவிட்டால் அதற்கு அப்புறம் வண்டி பறக்கும். நம் பக்கத்து நான்குவழிச் சாலை எத்தனை வருடம் இழுத்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதிகாலை மூன்று மணிக்குப் போனால் ஒரு மணி நேரம், சாயங்காலம் போனால் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏர்போர்ட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போக வேண்டும். பெங்களூருக்குப் பறக்க ஒன்றேகால் மணி. அங்கே இறங்கி, தேவனஹள்ளியில் இருந்து அறைக்குப் போக இன்னும் கொஞ்சம். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே வீட்டு வாசலில் இருந்து அறை வாசலுக்கு ஐந்தாறு மணி நேரம். இரண்டு மணி நேரத்தில் ரிப்போர்ட் செய்ய வேண்டியவனுக்கு இது என்ன கணக்கு?

தூத்துக்குடி வழியாகப் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். வாகைக்குளம் ஏர்போர்ட்டில் ரன்வே ரொம்ப நாள் 1,350 மீட்டர்தான். அதனால் ஏ.டி.ஆர் மாதிரி சின்ன விமானங்களைத் தவிர வேறு எதுவும் இறங்க முடியாத இடமாக இருந்தது. இப்போது ரன்வேயை 3,115 மீட்டருக்கு நீட்டியிருக்கிறார்கள், 2025 ஜூலையில் புது டெர்மினலும் திறந்துவிட்டார்கள். நல்ல விஷயம். ஆனால் தக்கலைக்காரருக்கு அது திருவனந்தபுரத்தைவிட இரண்டு மடங்கு தூரம். ஃப்ளைட்டும் குறைவு. விட்டுவிடுங்கள்.

ஸ்டாஃப் டிக்கெட்டைப் பற்றியும் ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது. அதை நாங்கள் ‘சப்லோ’ என்போம். சீட் மிச்சம் இருந்தால் ஏறலாம், இல்லையென்றால் கவுண்டரில் நின்று கையை ஆட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். ஓணத்துக்கு முந்தின வாரம், சபரிமலை சீசன், கிறிஸ்துமஸ், மே மாதம் என்று நம் பக்கத்தில் எப்போதெல்லாம் ஊருக்கு வர ஆசை வருமோ அப்போதெல்லாம் சீட் இருக்காது. இது போதாதென்று திருவனந்தபுரத்துக்கே உரிய ஒரு விசேஷம் உண்டு. பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்கு ரன்வேயைக் கடந்துதான் போகும். ஐப்பசியிலும் பங்குனியிலும் அந்த நாள் சாயங்காலம் சில மணி நேரம் ஏர்போர்ட்டையே மூடிவிடுவார்கள். உலகத்தில் சாமிக்காக ரன்வேயை மூடும் ஏர்போர்ட் வேறு எங்கே என்று தெரியவில்லை, எனக்கு அதில் ஒரு சந்தோஷம்தான். ஆனால் மறுநாள் காலை ஐந்து மணிக்கு ரிப்போர்ட்டிங் உள்ளவன் அந்தத் தேதியை மறந்தால் சந்தோஷமாக இருக்காது.

ஸ்டாண்ட்பை இல்லாத நாட்களில், வார ஆஃபுக்கு வந்து போகலாமா? போகலாம். என்ன கிடைக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விமானத் துறைக்கு விதி போடும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. பைலட்களின் வாராந்திர ஓய்வை 36 மணி நேரத்தில் இருந்து 48 மணி நேரமாக உயர்த்தியிருக்கிறது. 2025 ஜூலையில் இருந்து இது நடைமுறையில் உள்ளது. அந்த 48 மணி நேரத்தில் இரண்டு ராத்திரி அடங்க வேண்டும். பையனுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு டியூட்டி முடிகிறது என்று வையுங்கள். அந்த நேரத்துக்கு மேல் ஊருக்கு ஃப்ளைட் பிடிக்கப் போகிறானா? அறைக்குப் போய்ப் படுத்து, சனிக்கிழமை காலை ஃப்ளைட் பிடித்தால் மதியம் பன்னிரண்டுக்கு வீடு. திங்கள் விடியற்காலை ரிப்போர்ட்டிங் என்றால் ஞாயிறு சாயங்காலம் மூன்று மணிக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஆக 48 மணி நேர ஓய்வில் வீட்டில் இருப்பது 27 மணி நேரம். அதில் எட்டு மணி நேரம் தூக்கம். மிச்சம் இருப்பதில் அவன் அம்மை வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டு, சொந்தக்காரர்கள் நாலு பேர் வந்து “எப்பம்டே வந்தா?” என்று கேட்டதற்குப் பதில் சொன்னால் பை தூக்க நேரம் சரியாக இருக்கும்.

இதை மாதத்தில் ஒரு தடவை செய்தால் சுகம். வாராவாரம் செய்தால் உடம்பு கெடும். ஏனென்றால் இந்தப் பயணம் விதிப்படி டியூட்டி இல்லை. கம்பெனி தன் வேலைக்காக உங்களைப் பயணியாக ஏற்றி இன்னொரு ஊருக்கு அனுப்பினால் அது டியூட்டி கணக்கில் வரும். அதைத்தான் டெட்ஹெட் என்கிறார்கள். ஆனால் நீங்களாக உங்கள் வீட்டில் இருந்து பேஸுக்கு வரும் ஆறு மணி நேரம் காகிதத்தில் ஓய்வு. சட்டத்தின் கடிகாரம் ரிப்போர்ட்டிங் நேரத்தில் ஓட ஆரம்பிக்கிறது. உடம்பின் கடிகாரம் தக்கலை வீட்டுக் கேட்டைச் சாத்தின நேரத்தில் இருந்தே ஓடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள ஓட்டைக்குள்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

பையன் அமெரிக்க பைலட்களின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு உங்களிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம். அங்கே இந்தப் பழக்கம் ஏராளம். வீடு ஒரு மாநிலம், பேஸ் வேறு மாநிலம், வேலைக்கு விமானத்தில் போவார்கள். இதற்குப் பெயரே கம்யூட்டிங். வேறு கம்பெனி விமானத்தின் காக்பிட்டில் இருக்கும் ஜம்ப் சீட்டில்கூட ஏறிப் போக அங்கே ஏற்பாடு உண்டு. நம் ஊரில் அதை நம்பித் திட்டம் போட முடியாது. நாம் ஸ்டாண்ட்பை என்பதை அங்கே ரிசர்வ் என்கிறார்கள். லாங் கால் ரிசர்வ் என்றால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் முன்னால் சொல்வார்கள், அதில் தூரத்து ஊர்க்காரர் தாக்குப் பிடிக்கலாம். ஷார்ட் கால் என்றால் இரண்டு மணி நேரம் மாதிரிதான், பேஸிலேயே கிடக்க வேண்டும். அங்குள்ள விதிப்படி ஷார்ட் கால் காத்திருப்பு ஒரே நேரத்தில் 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. யாருக்கு எது விழும் என்பதைச் சேர்ந்த தேதி வைத்து வரும் சீனியாரிட்டி எண் முடிவு செய்யும். புதிதாகச் சேர்ந்தவனுக்கு ரிசர்வ்தான். அதனால் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பேஸுக்குப் பக்கத்தில் அடுக்குக் கட்டில் போட்ட வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். ‘கிராஷ் பேட்’ என்பது அதன் பெயர். பைலட்கள் தங்கும் இடத்துக்கு வைக்கிற பெயரா அது? அந்த வீடியோக்களில் கட்டில் வரிசையைக் காட்டுவது கம்மி, மேகத்தைக் காட்டுவது ஜாஸ்தி.

அந்த நாட்டில் இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு விபத்தின் பெயர் வரும். 2009 பிப்ரவரி 12. நெவார்க்கில் இருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் 3407. ஏ.டி.ஆர் மாதிரியே இரண்டு டர்போபிராப் எஞ்சின் கொண்ட டேஷ் 8 வகை விமானம். விமானத்தில் இருந்த 49 பேரும், அது விழுந்த வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். கேப்டனின் வீடு ஃபுளோரிடாவில், பேஸ் நெவார்க். ஃபர்ஸ்ட் ஆபீசர் முந்தின ராத்திரி முழுக்க சியாட்டிலில் இருந்து மெம்ஃபிஸ் வழியாக சரக்கு விமானங்களில் ஏறி, விடியற்காலையில் நெவார்க் வந்து இறங்கியவர். நெவார்க்கில் இரண்டு பேருக்குமே அறை கிடையாது. ஏர்போர்ட்டில் க்ரூ அறைதான் கதி. விமானம் வேகம் குறைந்து ஸ்டால் ஆகப் போகிறது, அதாவது இறக்கை தாங்காமல் விழப் போகிறது என்று கையில் இருக்கும் கண்ட்ரோல் தண்டு நடுங்கி எச்சரித்தபோது கேப்டன் விமானத்தின் மூக்கை இறக்காமல் தூக்கியதுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. களைப்பு அவர்களைப் பாதித்திருக்கும், ஆனால் எவ்வளவு தூரம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை என்றும் சொன்னது. நான் அந்த அறிக்கையை வாசித்தபோது அந்த இரண்டு பேரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் உட்கார்ந்தபடி தூங்கி வந்து, எழும்பூரில் இருந்து நேராக மீனம்பாக்கம் போய் ஸ்டாண்ட்பைக்கு உட்கார்ந்த நாட்கள் எனக்கும் உண்டு. அதன் பிறகுதான் அங்கே ஓய்வு விதிகளைப் புதிதாக எழுதி 2014 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதிலும் வீட்டில் இருந்து பேஸுக்கு வரும் பயணத்தை விதிக்குள் அடக்கவில்லை. அது பைலட்டின் பொறுப்பு, களைப்பில்லாமல் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஐரோப்பாவில் மட்டும் வழிகாட்டுதலில் ஒரு எண் சொல்கிறார்கள்: வீட்டில் இருந்து பேஸுக்கு வழக்கமாக 90 நிமிடத்துக்கு மேல் ஆகிறதென்றால் பேஸுக்குப் பக்கத்தில் தங்க இடம் பார்த்துக்கொள்வது நல்லது என்று. அந்த அளவில் பார்த்தால் பேஸ் திருவனந்தபுரமாகவே இருந்தாலும் தக்கலை எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது.

அதனால் நான் சொல்வது இதுதான். முதல் இரண்டு வருடம் பெங்களூரில் வாடகையைத் தண்டம் என்று நினைக்காமல் கட்டுங்கள். எலகங்கா பக்கமோ தேவனஹள்ளி பக்கமோ கூட வேலை பார்க்கும் இரண்டு பேரோடு சேர்ந்து வீடு எடுக்கட்டும். நகரத்துக்கு நடுவில் எடுத்தால் ஏர்போர்ட் போகவே ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும், அப்புறம் எதற்கு வாடகை? தனி அறை வேண்டும், கூடத்தில் பாய் போட்டுப் படுக்கிற ஏற்பாடு வேண்டாம். ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் திரை கட்டாயம். விடியற்காலை நாலு மணிக்கு ஸ்டாண்ட்பை ஆரம்பித்தால் முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் படுக்க வேண்டும். மத்தியானம் ஆரம்பித்தால் பகலில் ஒரு தூக்கம் போட்டே ஆக வேண்டும், ஏனென்றால் ராத்திரி கடைசி ஃப்ளைட் வரை இழுக்கலாம். உங்கள் தங்கச்சி போன் போட்டுவிட்டு, “பட்டப்பகல்ல தூங்குறான், எங்க உருப்படப் போறான்” என்று உங்களிடம் வந்து அழுதால், அவன் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லுங்கள். காத்திருக்கும்போது தூங்குவதும் அந்த வேலையில் சேர்த்தி.

சேரும்போது அவன் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. போன் வந்து எத்தனை நிமிடத்தில் ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கட்டும், சீனியர் ஒருத்தர் கேன்டீனில் சொன்னதை நம்ப வேண்டாம். கம்பெனி வண்டி எவ்வளவு தூரம் வரை வந்து ஏற்றும் என்று கேட்டுக்கொண்டு அந்த வட்டத்துக்குள் வீடு பார்க்கட்டும். ரோஸ்டர் எத்தனை நாள் முன்னால் வெளியாகிறது, கூட வேலை பார்ப்பவனோடு ஸ்டாண்ட்பையை மாற்றிக்கொள்ள விடுவார்களா என்பதும் முக்கியம். என்னைக் காப்பாற்றியது அந்த மாற்றுதான். கிறிஸ்துமஸுக்கு நான் நிற்பேன், மார்த்தாண்டத்துப் பையன் ஒருத்தன் ஊருக்குப் போவான், பொங்கலுக்கு எனக்குப் பதிலாக அவன் நிற்பான். அதற்கு முதலில் நாம் இரண்டு பேருக்கு நின்று கொடுத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. ஸ்டாண்ட்பை என்றால் கூப்பிடவில்லையென்றாலும் பறக்கப் போகிறவனாகவே இருக்க வேண்டும். பறப்பதற்கு 12 மணி நேரம் முன்னால் இருந்து ஒரு சொட்டு குடிக்கக் கூடாது. ரிப்போர்ட் செய்ததும் ஊதச் சொல்வார்கள். முதல் தடவை மாட்டினால் மூன்று மாதம் லைசென்ஸ் சஸ்பெண்ட், இரண்டாம் தடவை மூன்று வருடம். ஊரில் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மாப்பிள்ளை வீட்டு மாடியில் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆஃப் நாள் முடிந்து மறுநாள் ஸ்டாண்ட்பை உள்ளவன் அந்த மாடிக்கு ஏறவே கூடாது.

உண்மையாகவே களைப்பாக இருந்தால் களைப்பு என்றே சொல்லட்டும். அதைச் சொல்ல முறை இருக்கிறது, ஃபட்டீக் ரிப்போர்ட் எழுதலாம். முகம் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும். நான் சொன்ன மாதிரி வயிற்றின் மேல் பழி போட வேண்டாம்.

கடைசியாகக் கல்யாணம். தை தாராளமாக வையுங்கள், ஆனால் முகூர்த்தத்தை மண்டபக்காரரிடம் பேசுவதற்கு முன்னால் அவனிடம் பேசுங்கள். ரோஸ்டர் வெளியான பிறகு லீவ் கேட்டால் கிடைப்பது கடினம். இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே ஆண்டு விடுமுறையாக எழுதிக் கொடுத்து, அது அனுமதியாகி வந்த பிறகு பத்திரிகை அடியுங்கள். முகூர்த்தத்துக்கு முன்னால் குறைந்தது இரண்டு நாள், பின்னால் நாலைந்து நாள் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். மறுவீடு முடிந்து அவன் திரும்பும் டிக்கெட்டையாவது சப்லோ இல்லாமல் காசு கொடுத்து வாங்கிவிடுங்கள். பொங்கல் முடிந்த வாரம் ஒரு சீட்டுக்கு எத்தனை பேர் நிற்பார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன்.